அமெரிக்கா போய்வந்த ஜெர்மன் பிள்ளைகள் ‘எல்லாம் மேலோட்டம்’ என்று சொல்வது ஏன்?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இதுதான்: ஜெர்மனியிலேயே பிறந்து 10-ஆம் வகுப்பு படிக்கும் உங்கள் மகள், அடுத்த ஆண்டு அமெரிக்காவில் ஒரு குடும்பத்தோடு தங்கி அங்குள்ள ஹைஸ்கூலில் படிக்க ஆசைப்படுகிறாள். போய்வந்த ஜெர்மன் பிள்ளைகள், அமெரிக்கர்கள் நன்றாகச் சிரித்துப் பேசுவார்கள், ஆனால் எல்லாம் மேலோட்டம் என்று சொல்வதாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்கள். அது உண்மையா என்று கேட்கிறீர்கள். உங்கள் கேள்வியை இரண்டு மூன்று தடவை படித்தேன். அமெரிக்கர்களின் குணத்தைப் பற்றிய கேள்வியாக எனக்கு அது தோன்றவில்லை. 16 வயதுப் பெண் பத்து மாதம் அங்கே தனித்துப் போய்விடுவாளா, அவளுக்கென்று யாராவது இருப்பார்களா என்பதுதான் உங்கள் கவலை. அதற்கே பதில் சொல்கிறேன்.

நான் ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு கிம்னாசியத்தில் (பல்கலைக்கழகப் படிப்புக்குத் தயார்செய்யும் மேல்நிலைப் பள்ளி) 19 ஆண்டுகளாக ஆங்கில ஆசிரியை. ஒவ்வொரு வசந்தத்திலும் அமெரிக்கா போகும் பிள்ளைகளுக்கான ஆயத்த வகுப்பை நடத்துவதில் பங்கெடுக்கிறேன்; திரும்பி வந்தவர்களோடு இலையுதிர் காலத்தில் உட்கார்ந்து பேசுகிறோம். ஆகவே போகும்முன் சொல்வது, நடுவில் எழுதும் மின்னஞ்சல், வந்தபின் சொல்வது என மூன்றையும் ஒரே பிள்ளையிடமிருந்து கேட்கும் வாய்ப்பு எனக்குண்டு. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவர்கள் தாமாக விரும்பிப் போனவர்கள். பெரும்பாலும் செலவுக்குக் குடும்பத்தில் வழி இருந்தவர்கள், இல்லையென்றால் உதவித்தொகை வென்றவர்கள். தச்சுத் தொழில் பழகும் ஒரு ஜெர்மன் பையன் டெக்ஸஸில் வேலை பார்த்துவிட்டு வந்து சொல்வது வேறாக இருக்கலாம்.

எங்கள் பிள்ளைகள் ஆகஸ்டில் விமானம் ஏறுகிறார்கள். முதல் ஆறு வாரம் வருகிற செய்தியெல்லாம் கொண்டாட்டம்: மஞ்சள் ஸ்கூல் பஸ், வெள்ளிக்கிழமை இரவு ஃபுட்பால் ஆட்டம், நடைகூடத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நலம் கேட்கும் ஆசிரியர்கள். அக்டோபர் கடைசியில் தொனி மாறும். “எல்லாரும் என்னிடம் அன்பாகப் பேசுகிறார்கள், யாரும் வீட்டுக்குக் கூப்பிடவில்லை” என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். அந்த நாட்களில்தான் ‘ஓபர்ஃப்லெஹ்லிஷ்’ என்ற சொல் வரும். மேலோட்டமான என்று பொருள். ஜெர்மனில் அது லேசான சொல் இல்லை, ஒருவரின் நேர்மையையே குறை சொன்ன மாதிரி. அதே பிள்ளை மே மாதம் எழுதும் கடிதத்தில் அந்தச் சொல் பெரும்பாலும் இருக்காது. அமெரிக்காவைப் பற்றி ஜெர்மன் பிள்ளைகள் சொல்வதைக் கேட்கும்போது நான் முதலில் விசாரிப்பது, எந்த மாதத்தில் சொன்னது என்பதைத்தான். நீங்கள் கேள்விப்பட்டதும் நவம்பர் மாதக் கடிதங்களிலிருந்து வந்ததாக இருக்கலாம்.

இது என் அனுபவம். விதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஸ்வெர்ரே லிஸ்கார்ட் என்ற நார்வே சமூகவியலாளர், அமெரிக்கா போய்வந்த 200 நார்வேக்காரர்களை விசாரித்து, மனநிலை முதலில் உயரத்தில் தொடங்கி, நடுவில் பள்ளத்தில் இறங்கி, பிறகு ஏறுகிறது என்று 1955-இல் எழுதினார். எங்கள் ஆயத்த வகுப்பில் அந்த வளைகோட்டைப் பலகையில் வரைவதுண்டு. ஆனால் பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாருக்கும் அப்படி அமைவதில்லை என்றும், சிலருக்கு முதல் வாரங்களே மிகக் கடினம் என்றும் காட்டிவிட்டன. ஆகவே உங்கள் மகள் செப்டம்பரிலேயே அழுதால் ஏதோ தவறாகிவிட்டது என்று பொருளில்லை.

அந்தச் சொல் எங்கிருந்து வருகிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல விளக்கம் குர்ட் லெவினுடையது. பெர்லினில் கற்பித்துக்கொண்டிருந்த யூத உளவியலாளர். நாஜிகள் ஆட்சிக்கு வந்த 1933-இல் அமெரிக்காவுக்குப் போய்விட்டார். 1936-இல் எழுதிய ஒரு கட்டுரையில், மனிதரை ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த வளையங்களாக வரைந்து காட்டினார். அமெரிக்கரின் வெளி வளையங்கள் பலவும் திறந்தே கிடக்கும். முன்பின் தெரியாதவர்கூட நாலைந்து வளையம் தாண்டி உள்ளே போய்விடலாம். நட்டநடுவில் உள்ள அந்தரங்கம் மட்டும் மூடியிருக்கும். ஜெர்மானியருக்கோ அந்தக் கெட்டிச் சுவர் வெளியிலேயே எழும்பிவிடுகிறது. அதைத் தாண்டி ஒருவரை விட்டால் அவர் ஏறக்குறைய நடுவீட்டுக்கே வந்த மாதிரி. 90 ஆண்டு பழைய கட்டுரை, கணக்கெடுத்து அளந்து எழுதியதும் இல்லை. இன்றைய பெர்லின் இளைஞர்கள் லெவின் காலத்து ஜெர்மானியரைப் போல இறுக்கமானவர்களும் இல்லை. ஆனாலும் என் பிள்ளைகள் நவம்பரில் எழுதுவதைப் படிக்கும்போதெல்லாம் அந்தப் படம்தான் கண்முன் வருகிறது. கதவு இவ்வளவு சுலபமாகத் திறந்ததே, அப்படியானால் நடுவீட்டுக்கு வந்துவிட்டேன் என்று ஜெர்மன் பிள்ளை நினைத்துவிடுகிறது. அது இன்னும் திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறது.

மொழியும் இதில் கை கொடுப்பதில்லை. நமக்கு நீ, நீங்கள் இருப்பது போல ஜெர்மானியருக்கு ‘டூ’, ‘ஸீ’ இருக்கிறது. ‘ஃப்ராய்ன்ட்’ என்றால் உயிர்த்தோழன் அளவுக்குக் கனமான சொல். மற்றவர்கள் எல்லாம் ‘பெகான்டர்’, அறிமுகமானவர்கள். அமெரிக்காவில் நேற்றுப் பார்த்தவரும் ஃப்ரெண்ட்தான். ‘ஹவ் ஆர் யூ’ என்று கேட்டுவிட்டு நடந்துகொண்டே போகிறவரைப் பார்த்து எங்கள் பிள்ளைகள் முதல் வாரம் திகைத்து நிற்பார்கள். பதில் வேண்டாமென்றால் எதற்குக் கேட்டாய் என்பது அவர்கள் எரிச்சல். உங்கள் மகளுக்கு இது எளிதாக இருக்கும் என்றே நினைக்கிறேன். வழியில் பார்க்கிறவர் ‘சாப்பிட்டாச்சா?’ என்றால் நாம் குழம்பு, பொரியல் என்று பட்டியல் போடுவதில்லை; கேட்டவரைப் பொய்யர் என்று நினைப்பதும் இல்லை. உன்னைப் பார்த்தேன், நீ நலமாயிரு என்பதுதான் அதன் பொருள். இதை வீட்டிலேயே கேட்டு வளர்ந்த பிள்ளை அவள்.

திரும்பி வந்த ஒரு மாணவி சொன்னதை மறக்க மாட்டேன். ஒஹாயோவில் பத்து மாதம் இருந்துவிட்டு வந்த மூன்றாம் நாள், தெருமுனை பேக்கரிக்குப் போய் நான்கு பிரெட்ஸல் கேட்டிருக்கிறாள். பழக்கதோஷத்தில், விற்கும் அம்மாவைப் பார்த்துச் சிரித்து “எப்படி இருக்கிறீர்கள்?” என்று கேட்டுவிட்டாள். அந்த அம்மா கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு, கண்ணைச் சுருக்கி, “நமக்குள் அறிமுகம் உண்டா?” என்றாராம். பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்ததும் இவளுக்கு அழுகை. நவம்பரில் ஓபர்ஃப்லெஹ்லிஷ் என்று எழுதியவள் இவள்தான்.

இனி, பெற்றோர் யாரும் கேட்காத, ஆனால் உங்கள் கவலைக்கு மிக நெருக்கமான ஒரு விஷயம்: கார். எங்கள் ஊரில் நாலாம் வகுப்பு முடித்த பத்து வயதுப் பிள்ளை தனியாக எஸ்-பான் என்ற புறநகர் ரயில் ஏறிப் பள்ளிக்குப் போகிறது. 16 வயதில் பியரும் வைனும் சட்டப்படி வாங்கலாம், இரவு கடைசி ரயிலில் வீடு திரும்பலாம். அந்தப் பிள்ளையைக் கொண்டுபோய் நெப்ராஸ்காவில் ஒரு சின்ன ஊரில் விட்டால், முதல் மாதமே அது கைக்குழந்தையாகிவிடுகிறது. பஸ் இல்லை. நடைபாதை பல தெருக்களில் இல்லை. பீருக்கு 21 வயது ஆக வேண்டும். உள்ளூர்ப் பிள்ளைகள் 16 வயதில் கார் ஓட்டுகிறார்கள், ஆனால் பரிமாற்ற மாணவர்கள் கார் ஓட்டக்கூடாது என்பது அவர்களை அனுப்பும் அனேகமாக எல்லா அமைப்புகளின் விதி. சுதந்திர நாடு என்று போன பிள்ளை, ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கக்கூட, தங்கியிருக்கும் வீட்டின் ஹோஸ்ட் அம்மா வேலையிலிருந்து வரும்வரை காத்திருக்கிறது. ‘தனிமை’ என்று அவர்கள் எழுதுவதில் பாதி, மனிதர்களால் வந்ததில்லை என்றே நான் நம்புகிறேன். போக வழியில்லாததால் வந்த தனிமை அது.

ஒரு பையன் பொறுக்க முடியாமல் ஒரு சனிக்கிழமை கடைக்கு நடந்தே கிளம்பிவிட்டான். மூன்று கிலோமீட்டர், எங்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமை உலாவில் பாதிகூட இல்லை. சாலை ஓரத்துப் புல்லில் நடந்திருக்கிறான். போகும்போதும் வரும்போதுமாக மூன்று கார்கள் நின்றிருக்கின்றன. வண்டி ரிப்பேரா, யாரையாவது கூப்பிடட்டுமா, ஏறிக்கொள்கிறாயா என்று. மூன்றாவது காரில் வந்தவர் அவனுடைய கணித ஆசிரியர். “இனிமேல் எனக்கு ஒரு மெசேஜ் போடு, நான் சனிக்கிழமை எப்படியும் அந்தப் பக்கம் வருவேன்” என்றாராம். அவன் போடவில்லை. ஒருவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்பது ஜெர்மன் வளர்ப்பின் முதல் பாடம். பிப்ரவரியில் வேறு வழியில்லாமல் கேட்டான். அதிலிருந்து அந்தக் குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டு, கடைசியில் மீன்பிடிக்க, ஏரிக்கரையில் கூடாரமடிக்க எல்லாம் அவர்களோடுதான். அமெரிக்கர்கள் மேலோட்டமானவர்களா என்று இன்று அவனைக் கேட்டால், நான்தான் நவம்பரிலேயே கேட்டிருக்க வேண்டும் என்பான். யாரிடமாவது ‘என்னைக் கூட்டிப்போக முடியுமா’ என்று கேட்க ஆரம்பித்த மாதத்தில்தான் எங்கள் பிள்ளைகள் பலருக்குத் திண்ணையிலிருந்து உள்ளே போக வழி கிடைக்கிறது.

இன்னொரு வழி விளையாட்டு அணி. ஜெர்மனியில் விளையாட்டு என்றால் ‘ஃபெரைன்’, ஊர்ச் சங்கம். பள்ளிக்கும் அதற்கும் பெரிய தொடர்பில்லை. அமெரிக்காவில் அணி, இசைக்குழு, நாடகம் எல்லாம் பள்ளிக்குள்ளேயே, தினமும் மாலை வரை. திறமை இல்லாவிட்டாலும் ஓட்டப்பந்தய அணியில் சேர் என்று எல்லாரிடமும் சொல்கிறேன். தேவாலய இளைஞர் குழுவும் அப்படியே. பழைய கிழக்கு ஜெர்மனிப் பகுதியில் பெரும்பாலான குடும்பங்களுக்கு மதமே இல்லை. அங்கிருந்து வரும் பிள்ளைகள் ஞாயிறு சர்ச்சுக்கும் புதன்கிழமை இளைஞர் கூட்டத்துக்கும் முதலில் மிரளுவார்கள். உங்கள் மகள் எந்த மதத்தில் வளர்ந்தாலும் இதைப் பற்றி விண்ணப்பத்திலேயே வெளிப்படையாக எழுதிவிடுவது நல்லது.

பள்ளி வகுப்பில் இரண்டு ஆச்சரியங்கள். ஒன்று, காலையில் எல்லாரும் எழுந்து நெஞ்சில் கைவைத்துக் கொடிக்கு உறுதிமொழி சொல்வது. ஜெர்மனியில் கொடியென்றாலே ஒரு தயக்கத்தோடு வளர்கிறார்கள். சாதாரண மக்கள் வீதியெங்கும் கொடி பிடித்தது 2006 உலகக்கோப்பையின் போதுதான் பெரிய அளவில் நடந்தது. உறுதிமொழி சொல்லும்படி எந்த மாணவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1943-இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. மரியாதைக்கு எழுந்து நின்றால் போதும் என்று சொல்லி அனுப்புகிறோம். மற்றது, பாராட்டு. எங்கள் ஸ்வாபியப் பகுதியில் ஒரு பழமொழி உண்டு: திட்டாமல் விட்டாலே பாராட்டியதுதான். அப்படி வளர்ந்த பிள்ளையின் சுமாரான கட்டுரைக்கு ‘கிரேட் ஜாப்’ என்று எழுதிக் கொடுத்தால் முதலில் நம்பாது, பொய்ப் பாராட்டு என்று சொல்லும். மெல்ல மெல்ல, வகுப்பில் கை தூக்க ஆரம்பிக்கும். திரும்பி வந்தவர்களிடம் எனக்குக் கண்ணால் பார்க்கக் கிடைக்கும் மாற்றம் இதுதான். ஆங்கிலம் எல்லாருக்கும் தேறிவிடுகிறது. முன்னால் எழுந்து நின்று பேசும் துணிவு அதைவிடப் பெரிய சம்பாத்தியம்.

சுற்றுலாப் போய்வந்தவர்கள் சொல்வதை இதோடு கலக்க வேண்டாம். பள்ளிப் படிப்பு முடித்து, வாடகைக் காரில் சான் ஃபிரான்சிஸ்கோ, யோசெமிட்டி, லாஸ் வேகாஸ், கிராண்ட் கேன்யன் என்று மூன்று வாரம் சுற்றுகிறவர்களுக்கு அமெரிக்கா என்றால் வெட்டவெளி. மொன்டானா மாநிலம் ஜெர்மனியைவிடச் சற்றே பெரியது. ஜெர்மனியில் 8 கோடிக்கு மேல் மக்கள், மொன்டானாவில் 11 லட்சத்துக்குச் சற்று அதிகம். ஒரு மணி நேரம் ஓட்டியும் ஒரு வீடு தென்படாத சாலையில் நின்று அவர்கள் எடுத்த படங்களைப் பார்த்தால் அந்த மலைப்பு புரியும். கூடவே விலைச் சீட்டில் வரியைச் சேர்க்காதது, உணவகத்தில் 20 சதவீதம் டிப்ஸ், பஞ்சு போன்ற பிரெட் என்ற வழக்கமான முறையீடுகள். பிரெட்டை மட்டும் சாதாரணமாக நினைக்காதீர்கள். நமக்குச் சோறு மாதிரி அது. பதினொரு வாரம் கழித்துத் தானே ‘ரை’ என்ற தானிய மாவில் புளித்த ரொட்டி சுட்டு, ஹோஸ்ட் அப்பாவைச் சாப்பிட வைத்து, அவர் இரண்டாம் துண்டு கேட்ட நாளை ஒரு பையன் நாள் குறித்து எழுதியிருந்தான்.

எந்த மாதத்தில் கேட்டாலும் மாறாத குறைகளும் உண்டு, அவற்றை மறைக்க மாட்டேன். லாஸ் ஏஞ்சலஸ் நடைபாதைக் கூடாரங்களைப் பார்த்த பிள்ளைகள் அதைக் கடைசிவரை ஜீரணிப்பதில்லை. மருத்துவச் செலவும் அப்படித்தான். விளையாடும்போது மணிக்கட்டு உடைந்த ஒரு மாணவிக்கு ஆம்புலன்ஸ் அழைக்காமல், கட்டணத்துக்குப் பயந்து ஹோஸ்ட் அம்மாவே காரில் அள்ளிப்போட்டுக்கொண்டு போனார். இவளுக்குக் காப்பீடு இருந்தது. அந்த அம்மாவின் பயம்தான் இவளை உலுக்கியது. துப்பாக்கி, அதைவிடக் கடினம். படுக்கையறைக்கு எதிரே பூட்டிய துப்பாக்கி அலமாரி, பள்ளியில் கதவைப் பூட்டி விளக்கை அணைத்து ஒளிந்திருக்கும் ஒத்திகை. இது அமெரிக்காவில் மட்டும் நடப்பது என்று என்னால் சொல்ல முடியாது. எங்களுக்குப் பக்கத்து ஊரான வின்னெண்டனில் ஒரு பள்ளியில் தொடங்கி, 2009 மார்ச்சில் அதன் முன்னாள் மாணவன் 15 பேரைச் சுட்டுக் கொன்றான். ஆனால் அமெரிக்காவில் அது எவ்வளவு அடிக்கடி நடக்கிறது என்பதில் இரண்டு நாடுகளையும் ஒப்பிடவே முடியாது. வீட்டில் ஆயுதம் இருக்கிறதா, எப்படிப் பூட்டி வைக்கிறார்கள் என்று ஹோஸ்ட் குடும்பத்திடம் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. கேளுங்கள்.

உங்கள் மகளை நினைத்து இன்னொன்று. ஜெர்மன் பிள்ளைகளிடம் அங்கே ஹிட்லரைப் பற்றிக் கேட்பார்கள், தோல் கால்சட்டை உண்டா என்பார்கள், கிறிஸ்துமஸ் மரத்தில் ஊறுகாய் வெள்ளரி பொம்மை தொங்கவிடுவது உங்கள் ஊர் வழக்கமாமே என்பார்கள். ஜெர்மனியில் பெரும்பாலோர் அந்த வழக்கத்தைக் கேள்விப்பட்டதே இல்லை. அமெரிக்கரில் நாலு கோடிக்கும் மேற்பட்டோர் தம் முன்னோர் ஜெர்மானியர் என்று சொல்கிறார்கள். அந்தப் பாசத்தோடு கேட்பார்கள். துருக்கிய, தமிழ்ப் பின்னணிப் பிள்ளைகள் நான்கைந்து பேரை நாங்கள் அனுப்பியிருக்கிறோம். அதில் இரண்டு பேர் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள்: “ஜெர்மனியிலிருந்து வருகிறேன் என்றதும் ‘ஓ, ஜெர்மனியா!’ என்று ஏற்றுக்கொண்டார்கள். இங்கே மாதிரி, ‘சரி, உண்மையில் எங்கிருந்து?’ என்று தொடரவில்லை.” இன்னொருத்திக்கு, நீ ஜெர்மானியர் மாதிரி இல்லையே என்று ஆசிரியரே வகுப்பில் சொன்ன அனுபவம். இவ்வளவு சிலரை வைத்து முடிவு கட்ட மாட்டேன். இரண்டும் நடக்கலாம் என்று மகளிடம் முன்பே பேசிவிடுங்கள்.

நடைமுறைக்கு வந்தால்: ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் போகும் பள்ளி மாணவர்களை ஏற்கும் குடும்பங்களுக்குப் பணம் கொடுப்பதில்லை, அவர்கள் விரும்பி ஏற்பவர்கள். ஆகவே ஊரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பொதுவாக உங்களுக்கு இல்லை. சின்ன ஊர் கிடைக்கவே வாய்ப்பு அதிகம். உள்ளூர்ப் பொறுப்பாளர் ஒருவர் 120 மைலுக்குள் இருந்து, மாதம் ஒருமுறையாவது மாணவியோடு தொடர்பில் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க அரசு விதி. அவர் யார், குடும்பம் ஒத்துவராவிட்டால் எத்தனை நாளில் மாற்றுவார்கள் என்பதை ஒப்பந்தத்துக்கு முன்பே அமைப்பிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். செலவு கட்டுப்படியாகாவிட்டால் ஜெர்மன் நாடாளுமன்றமும் அமெரிக்கக் காங்கிரசும் 1983 முதல் சேர்ந்து நடத்தும் உதவித்தொகை இருக்கிறது. உங்கள் பகுதி ஜெர்மன் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரே அவளுக்குப் புரவலராக இருப்பார். ஓராண்டுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். விசாவுக்கும் நேரம் ஒதுக்குங்கள். 2025-இல் மாணவர் விசா நேர்காணல்களைச் சில வாரம் நிறுத்திவைத்து, பிறகு சமூக வலைத்தளக் கணக்குகளைத் திறந்து காட்டச் சொல்லித் தொடங்கினார்கள். விசா இருப்பதாலேயே உள்ளே விடுவார்கள் என்ற உறுதி இல்லை என்று ஜெர்மன் வெளியுறவு அமைச்சகமும் அந்த ஆண்டு மார்ச்சில் பயணிகளுக்கு நினைவூட்டியது. புறப்படும் மாதத்தில் அவர்கள் அறிவிப்பை ஒருமுறை படித்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால், அவளுக்கு உண்மையாகவே ஆசை இருக்கும் பட்சத்தில் அனுப்புங்கள். நவம்பரில் ஒரு கடிதம் வரும். அதைப் படித்துவிட்டு உடனே டிக்கெட் போடாதீர்கள், பொறுப்பாளரிடம் பேசிவிட்டு ஜனவரி வரை பொறுங்கள். அதற்கு முன்னால், இந்தக் கோடையிலேயே ஒரு பயிற்சி: பேருந்து இருக்கும்போதே, பக்கத்து வீட்டுக்காரரிடமோ தோழியின் அம்மாவிடமோ போய், ‘சனிக்கிழமை என்னையும் காரில் கூட்டிப்போக முடியுமா?’ என்று அவளே கேட்கட்டும். நீங்கள் அவளுக்காகக் கேட்க வேண்டாம்.